திருகைச் சாமி கடலேறினார்

திருகைச் சாமிக்கு உபதேசம் செய்ய வராது. யாராவது போய் முன்னால் உட்கார்ந்தால், திருகையின் பிடியில் பாதியை விட்டுக்கொடுப்பார். எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் கேழ்வரகு அரைக்க வேண்டியதுதான். வந்தவர் தன் கவலையைச் சொல்லிக்கொண்டே சுற்றுவார். சாமி கேட்டுக்கொண்டே சுற்றுவார். மாவு சேர்ந்ததும் கூழ் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றுவார்கள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, அந்தக் கடற்கரைச் சத்திரத்தில் நடந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அது வீட்டுத் திருகை இல்லை. மேல்கல்லைத் தூக்கவே நாலு ஆள் வேண்டும். சாமியின் குரு விட்டுவிட்டுப் போனது. அவரும் பேசாத ஆள்.

"எங்க சாமி எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இந்தப் பிடி வழியாத்தான் வந்துது" என்பார் திருகைச் சாமி. அதைத் தடவிக்கொண்டே சொல்வார். அந்தக் கல் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

சுற்றும்போது நடுநடுவே அவரிடமிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். ஜனங்கள் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கனத்த கல்லைச் சுற்றுகிற மனிதன் மூச்சு விடுகிற சத்தமாகவும் அது இருக்கலாம். யாரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

சீடர்களில் அதிகமாக "ம்" வாங்கியவர் வைரக்கண்ணு. சாமியைவிட வயதில் மூத்தவர். தோணியை நடத்துகிறவரை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். வைரக்கண்ணு பேர் போன தண்டலாக இருந்தவர்.

ஒரு ஐப்பசிப் புயலில் அவர் "மரத்துல ஏறிப் பாயை அவிழ்த்து விடு" என்று கத்தினார். பாய்மரத்தில் ஏறியது அவருடைய தம்பி அஞ்சப்பன். பாய் இறங்கியது. அஞ்சப்பன் இறங்கவில்லை. கடல் அவன் உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகு வைரக்கண்ணு யாருக்கும் ஒரு வேலை சொன்னதில்லை. தோணியை மீரான் என்கிற சுக்கான்காரனிடம் ஒப்படைத்துவிட்டுச் சத்திரமே கதி என்று கிடந்தார். எதற்கும் சாமியைக் கேட்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டார். "ம்" வந்தது, பார்த்தார். தோணிக்கு நீலம் அடிக்கலாமா என்று கேட்டார். "ம்" வந்தது, அடித்தார். குழம்பு வைக்கவா ரசம் வைக்கவா என்று மனைவி கேட்டால்கூட, "சாமியைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வாராம். அந்த அம்மாள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் திருகை சுற்றும்போது அவர் மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டார்.

"சாமி, என் வாயிலேருந்து வந்த சொல்லு என் தம்பியைக் கொன்னுட்டுது. இனிமே நான் என்ன செய்யட்டும்?"

சாமி சுற்றுவதை நிறுத்தினார். வைரக்கண்ணுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" வரவில்லை.

"கேட்டேனே சாமி."

"கேட்டுது வைரம். எனக்குத் தெரியலையேப்பா."

சொல்லிவிட்டு, பிடியில் இருந்த வைரக்கண்ணுவின் கை மேல் தன் கையை வைத்துக்கொண்டார். அப்படியே அரைத்து முடித்தார்கள்.

அந்த வருஷம் கடல் சத்திரத்தைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் தென்னைகள் போயின. பிறகு சுற்றுச்சுவர் போயிற்று. தொண்டியில் இருந்த சிலர், "சாமி எங்க ஊருக்கு வந்துடட்டும், இடம் கொடுக்கிறோம்" என்று ஆள் அனுப்பினார்கள். சாமி போவதற்குப் பிரச்சினை இல்லை, ஒரு துணிமூட்டையோடு நடந்தே போய்விடுவார். திருகை நடக்காது. அதைத் தோணியில்தான் கொண்டுபோக வேண்டும்.

கோடியக்கரையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகிற வழியில் மணல்திட்டுகள் அதிகம். எது எங்கே இருக்கிறது என்று வைரக்கண்ணுவுக்குத்தான் அத்துப்படி. அவர் வந்தால் மீரான் தோணி எடுக்கத் தயார்.

"சாமி ஏறினா நானும் ஏறறேன்" என்றார் வைரக்கண்ணு.

சாமிக்குத் தண்ணீர் என்றாலே பயம். கடற்கரையில் இத்தனை காலம் இருந்தும் அலையில் கால் நனைத்தவரில்லை. கிணற்றடியில் செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிற ஆள். அவர் தோணியை ஒரு பார்வை பார்த்தார், வைரக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, ஏறறேன்" என்றார்.

தோணியில் ஏற்கெனவே கோரைப்பாய்க் கட்டுகளும் தேங்காய்நார்க் கட்டுகளும் ஏற்றியிருந்தார்கள். திருகையின் இரண்டு கல்லையும் பாய்மரத்தின் அடியில் வைத்துக் கட்டினார்கள். வைரக்கண்ணு அதற்கு ஒரு காவித் துணி போர்த்தி, பூ வைத்து, சூடம் காட்டினார். யாரும் அதைத் தாண்டக் கூடாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஒருவன் தாண்டியபோது பார்த்த பார்வையிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மீரானும் மற்ற இரண்டு ஆட்களும் கல்லைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

கோடியக்கரையைத் தாண்டிய மறுநாள் காலையில் காற்று நின்றது. கடல் கனமாக ஏறி இறங்கியது. மீரான் கிழக்கே பார்த்தான்.

"தண்டல், அங்க பாருங்க."

வைரக்கண்ணு அவனுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார். அடிவானத்தில் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பாயை உடனே இறக்கியாக வேண்டும். அவருக்கு அது தெரியும். சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. திரும்பிச் சாமியைத் தேடினார்.

சாமி ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, என்ன செய்யட்டும்?"

"எதுக்குப்பா?"

"புயல் வருது சாமி."

"ஐயையோ!" என்றார் சாமி.

வைரக்கண்ணு காத்துக்கொண்டு நின்றார். மீரான் வைரக்கண்ணுவுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். காற்று யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அது வந்தபோது பக்கவாட்டில் வந்தது. தோணி சாய்ந்து, ஓரம் தண்ணீரை அள்ளியது. மீரான் சுக்கானை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பாய்க்கயிற்றை அறுப்பதற்குள் பாய் நடுவில் கிழிந்து இரண்டாகப் பறந்தது. கயிறு மரத்தின் உச்சியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கந்தல் மட்டும் மேலே அடித்துக்கொண்டிருந்தது.

"நங்கூரம்!" என்று மீரானே கத்தினான். போட்டார்கள். வடம் விறைத்தது. தோணி மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு குதித்தது.

தென்மேற்கே, மழைக்கு நடுவே, ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. மணல்திட்டில் அலை உடைகிற இடம். அங்கே போய்த் தட்டினால் தோணி பலகை பலகையாகப் பிரிந்துவிடும். ஆள் ஒருவன் மிஞ்ச மாட்டான்.

வைரக்கண்ணு வடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வடம் விட்டுவிட்டு அதிர்ந்தது. நங்கூரம் பிடிக்கவில்லை. அடிமண்ணைக் கிழித்துக்கொண்டு தோணியோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

அவர் சாமியிடம் ஓடினார்.

"சாமி, நங்கூரம் இழுபடுது. உத்தரவு சொல்லுங்க."

"தோணிக்குத் தண்டல் யாரு?"

"நான்தான் சாமி."

"அப்ப என்னை ஏன் கேக்கறே? எனக்கு ஒரு வேலை சொல்லு, செய்யறேன்."

"உங்களுக்கு நான் வேலை சொல்றதா!"

வைரக்கண்ணு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொட்டுகிற மழையில், முங்கப் போகிற தோணியில், அந்தப் பெரிய மனிதர் குருவின் முன்னால் வாய் பொத்தி நின்ற கோலத்தை மீரான் எத்தனையோ தரம் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறான். நடிக்கும்போது சிரிப்பான். முடிக்கும்போது சிரிப்பு இருக்காது.

சாமி அங்கே கிடந்த வாளியைத் தானே எடுத்துக்கொண்டார். தோணியின் வயிற்றில் இறங்கித் தண்ணீரை மொள்ள ஆரம்பித்தார்.

நங்கூரம் இழுபடும்போது செய்கிற வேலை ஒன்று உண்டு. பெரிய பாரம் ஏதாவது ஒன்றைக் கயிற்றில் கட்டி, வளையம் போட்டு வடத்தில் மாட்டி, கடலுக்குள் வழுக்க விடுவார்கள். பாரத்தால் வடம் தொய்ந்து தரையோடு படியும். நங்கூரமும் சாய்ந்து மண்ணைக் கடித்துக்கொள்ளும். மீரானுக்கும் அது தெரியும். தோணி நிலையாக நிற்க அடியில் போட்டிருந்த மணலை ஒரு சாக்கில் நிரப்பிக் கட்டி விட்டுப் பார்த்தான். இரண்டு அலையில் சாக்கு கிழிந்து வெறும் கயிறு மிதந்தது. மற்றபடி தோணியில் இருந்ததெல்லாம் கோரைப்பாயும் நாரும். எல்லாம் மிதக்கிற சரக்கு.

மீரான் திருகையைப் பார்த்தான். மேல்கல்லின் நடுவில், தானியம் போடுகிற ஓட்டை, கை நுழைகிற அகலம். கயிறு கோக்க அதைவிடத் தோதாக ஒன்று கிடைக்காது.

"தண்டல், கல்லு இருக்கு."

"எந்தக் கல்லு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"அது கல்லு இல்லடா. சாமியோட குரு. அதைத் தொட்டா கை அழுகிப் போயிடும்."

"தொடலேன்னா மீன் தின்னுட்டுப் போயிடும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வைரக்கண்ணு தோணியின் வயிற்றுக்குள் குனிந்தார்.

"சாமி, கேட்டுதா? ஒரே ஒரு சொல்லு சொல்லுங்க சாமி. ஒண்ணே ஒண்ணு."

சாமிக்குக் கேட்டிருந்தது. நிமிர்ந்து திருகையைப் பார்த்தார். அவர் முகம் கோணியது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். பிறகு குனிந்து அடுத்த வாளியை மொண்டார்.

"சாமி, வாயைத் திறங்களேன்! எடுத்துக்கோன்னு சொன்னா என்ன?" என்று மீரான் கத்தினான். "அஞ்சு உசிரு இருக்கு இதுல!"

சாமி மொண்டுகொண்டே இருந்தார். மீரானுக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் சாமானியத்தில் தீரவில்லை.

வெள்ளைக் கோடு இப்போது கோடாக இல்லை. அலை எழும்பி உடைவது தனித்தனியாகத் தெரிந்தது. இரைச்சலும் கேட்டது.

சாமி ஒரு வாளித் தண்ணீரை வெளியே ஊற்ற மேலே ஏறி வந்தார். கடல் தெரிந்தவன் காற்றுக்கு முதுகைக் காட்டி, குனிந்து, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு ஊற்றுவான். சாமி காற்றடிக்கிற பக்கமாகவே போய், இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்கிறவர் நிற்கிற மாதிரி நின்றார். அவருக்கு நேராக ஒரு அலை எழும்பி வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

வைரக்கண்ணு பார்த்தார்.

"யோவ்! குனிய்யா! உக்காரு! கயித்தைப் புடி!"

அந்தக் குரலை மீரான் பல வருஷமாகக் கேட்டதில்லை. சாமி வாளியைப் போட்டார், பொத்தென்று உட்கார்ந்தார், கைக்கு எட்டிய கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அலை அவர் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. அது போனபோது வாளி இல்லை. சாமி இருந்தார். தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"சரி தண்டல்."

அவர் வேண்டுமென்றே அப்படிப் போய் நின்றாரா என்று மீரானிடம் கேட்டேன். சாமிக்கு அவ்வளவு விவரம் போதாது என்கிறான். கூட இருந்தவன் சொல்வதால் நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

குருவை யோவ் என்று கூப்பிட்ட வைரக்கண்ணுவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அந்த வாயிலிருந்து வந்த சொல்லால் ஒரு ஆள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரையே ஒரு கணம் பார்த்தார்.

பிறகு திரும்பினார்.

"மீரான், கல்லை அவிழு. மேல்கல்லு மட்டும் போதும். நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. சாமி, எந்திரிங்க. நாலு ஆள் வேணும், நீங்களும் ஒரு பக்கம் புடிங்க."

"சரி தண்டல்" என்றார் சாமி.

காவித் துணியை வைரக்கண்ணுவே எடுத்தார். ஓட்டையில் கயிற்றைக் கோத்து வளையம் போட்டு முடிந்தார். மற்ற நாலு பேரும் குனிந்து குனிந்து கல்லை நகர்த்தினார்கள். சாமிக்கு வலு போதவில்லை, ஆனாலும் விடவில்லை. ஓரத்துக்கு வந்ததும் அவர் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போயிட்டு வாங்க" என்றார் கல்லிடம்.

"விடு" என்றார் வைரக்கண்ணு.

விட்டார்கள். கல் வடத்தோடு வழுக்கிக் கீழே போயிற்று. எல்லாரும் வைரக்கண்ணுவின் கையையே பார்த்தார்கள். கை வடத்தின் மேல் இருந்தது. வடம் ஒருமுறை அதிர்ந்தது. இன்னொரு முறை அதிர்ந்தது. பிறகு அதிரவில்லை.

"புடிச்சிடுச்சு" என்றார்.

அப்புறம் யாரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கோரைப்பாயை மடித்து வடத்துக்கு அடியில் கொடுக்கச் சொன்னார், பலகையில் உராய்ந்து அறுந்துவிடாமல் இருக்க. சுக்கானைக் கட்டச் சொன்னார். தண்ணீர் இறைப்பதற்கு முறை வைத்தார். சாமி மேலே வரக் கூடாது, கீழேயே நின்று மொண்டு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. சாமி ஒவ்வொன்றுக்கும் "சரி தண்டல்" என்றார். வாளி போய்விட்டதால் சோற்றுப் பானையால் மொண்டார்.

மத்தியானம் தாண்டி மழை மெலிந்தது. காற்று திரும்பி வடக்கிலிருந்து அடித்தது. வேகம் குறையவில்லை. வைரக்கண்ணு வடத்தைத் தொட்டுப் பார்த்தார். முறுக்கியிருந்த புரி ஒவ்வொன்றாகத் தெறித்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் தானாகவே அறுந்துவிடும். அறுந்தால் தோணி நேராகத் திட்டின் மேல். அதற்கு முன்னால் சின்னப் பாய் ஒன்றை ஏற்றிக்கொண்டு, நாமே வடத்தை வெட்டிவிட்டால், இந்த வடகாற்றில் திட்டை ஒட்டியே ஆழத்துக்கு நழுவிவிடலாம்.

சின்னப் பாய் இருந்தது. ஏற்றுகிற கயிறுதான் காலையிலிருந்து மரத்தின் உச்சியில் சிக்கிக் கிடந்தது. யாராவது ஏற வேண்டும்.

வைரக்கண்ணு மேலே பார்த்தார். மரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. மீரானைப் பார்த்தார். அவனுக்கும் விஷயம் தெரியும். அவன்தான் நன்றாக ஏறுவான்.

சாமி கீழே நின்று, கையில் பானையோடு, வைரக்கண்ணுவின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கால் ஒருமுறை அவர் பக்கமாகத் திரும்பியது. நின்றது. பிறகு மரத்தின் பக்கமாகப் போயிற்று.

"மீரான்."

"சொல்லுங்க தண்டல்."

"மரத்துல ஏறு."

சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். மழையில் அது தெரிந்திருக்காது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறு. ஒரு சாய்வுக்கு நாலு புடி ஏறு, மறு சாய்வுக்கு மரத்தைக் கட்டிக்கிட்டு அப்படியே இரு. நான் சொல்றப்ப ஏறு, நான் சொல்றப்ப நில்லு."

மீரான் ஏறினான். "ஏறு" என்றார், ஏறினான். "நில்லு" என்றார், நின்றான். அந்த இரண்டு சொல்லைத் தவிர அந்தத் தோணியில் வேறு பேச்சில்லை. உச்சியில் கயிற்றை விடுவித்தபோது மரம் வெகுவாகச் சாய்ந்து அவன் கால் இரண்டும் காற்றில் தொங்கின. வைரக்கண்ணுவின் குரல் மட்டும் மாறவில்லை.

"நில்லு. நில்லு. அவசரமில்லை. நில்லு. இப்ப இறங்கு."

மீரான் இறங்கினான்.

அவன் பாதம் பலகையைத் தொட்டதும் வைரக்கண்ணு அவனைக் கட்டிக்கொண்டார். மூச்சு முட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டார். "விடுங்க தண்டல், பாயை ஏத்தணும்" என்று மீரான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

பாய் ஏறியது. காற்றைப் பிடித்து விறைத்தது. கோடாலி சாமியின் தலைக்கு மேலே, பலகையில் செருகியிருந்தது.

"சாமி, அந்தக் கோடாலியை எடுங்க!"

சாமி எடுத்தார். வடத்தின் மறுமுனையில் கல் இருந்தது. கோடாலியை இரண்டு கையாலும் ஏந்தி, தண்டலிடம் கொடுத்தார்.

வைரக்கண்ணு ஒரே போடாகப் போட்டார். தோணி துள்ளித் திரும்பியது. உடைகிற அலைகள் வலது பக்கமாக, கிட்டத்தில், வெகு கிட்டத்தில் வந்து, பிறகு பின்னால் போயின.

பொழுது சாயும்போது கடல் இறங்கிவிட்டது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மீரான் சுக்கானைப் பிடித்திருந்தான். மற்ற இருவரும் நார்க்கட்டின் மேல் சுருண்டு தூங்கிவிட்டார்கள்.

சாமி தனியாக மிச்சமிருந்த அடிக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மறைத்து அழவில்லை. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்.

வைரக்கண்ணு வந்து, தோளோடு தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கல்லுக்காகவா சாமி?"

"ஆமாப்பா. எங்க சாமி கை பட்டது."

"நான்தான் வெட்டினேன்."

"நீதான் வெட்டினே."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க வாய் வரலே சாமி. இன்னொரு தரம் அப்படி வந்தாலும் வெட்டத்தான் செய்வேன்."

"செய்யணும். அது வேற, இது வேற. கொஞ்ச நேரம் என்னை அழ விடு."

வைரக்கண்ணு விட்டார். தன் ஈரத் துண்டைப் பிழிந்து சாமியின் தலையைத் துவட்டினார். சாமி தலையைக் குனிந்து காட்டினார்.

துவட்டி முடித்ததும் வைரக்கண்ணு பேசினார்.

"அஞ்சப்பன் எங்க எல்லாரையும்விட நல்லா ஏறுவான் சாமி. அதனாலதான் அவனைச் சொன்னேன். அன்னிக்குப் பாய் இறங்கலேன்னா தோணியில இருந்த அத்தனை பேரும் போயிருப்போம்."

தம்பியின் பெயரை அவர் வாயால் சொல்லி ரொம்பக் காலம் ஆகிவிட்டது. சொன்னதும் அவரும் அழுதார். சாமி அவர் முதுகில் கை வைத்தார். தண்டலும் சாமியும் இரண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து அழுவதைப் பார்க்க முடியாமல் மீரான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். காதைத் திருப்ப முடியவில்லை. அதனால்தான் மிச்சமும் நமக்குக் கிடைத்தது.

"ஒண்ணு கேக்கணும் சாமி."

"கேளு."

"காலையிலேருந்து எத்தனை தரம் கேட்டேன். கல்லை எடுத்துக்கோன்னு ஒரு சொல்லு. அதுகூடச் சொல்லாம உதட்டைக் கடிச்சிக்கிட்டீங்களே. ஏன் சாமி?"

"பயம்."

"சாவுக்கா?"

"அதுவும் இருந்துது. நிறையவே இருந்துது."

"பின்னே வேற எதுக்கு?"

சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லை எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன் வைரம். நீ எடுத்திருப்பே. அப்புறம் மீரானை ஏத்தவான்னு என்கிட்ட வந்து கேட்டிருப்பே. கடல்னா என்னன்னே தெரியாத ஆளு நான், பயத்துல வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அடிக்கல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நீயும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவனை ஏத்தாம விட்டிருப்பே."